செடிக்குப் போர்வை எதற்கு?

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் நாங்கள் வீடு வாங்கியபோது வாசற்படியின் இரண்டு பக்கமும் இரண்டு பொக்ஸ்வூட் செடிகள் நின்றன. முன்பு இருந்தவர்கள் பந்து போல உருண்டையாக வெட்டி வளர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நவம்பர் கடைசியில் முதல் ஸ்னோ கொட்டியதும் எனக்கு மனம் கேட்கவில்லை. புதுச் சோபா சுற்றி வந்த தெளிவான பிளாஸ்டிக் தாள் பேஸ்மென்டில் கிடந்தது. அதை எடுத்து இரண்டு செடிகளையும் காற்றுப் புகாமல் சுற்றி, டேப் ஒட்டி, கயிறும் கட்டினேன். மார்ச் மாதம் அவிழ்த்துப் பார்த்தால் தெற்கு பார்த்த பாதி வைக்கோல் நிறம், வடக்கு பார்த்த பாதி பச்சை. பக்கத்து வீட்டு இத்தாலிய முதியவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "குளிர் கொல்லவில்லை, நீதான் அவித்துவிட்டாய்" என்றார்.

பகிடிக்குச் சொல்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். அவர் சொன்னது அப்படியே உண்மை என்பது பிறகுதான் விளங்கியது.

நாம் ஜாக்கெட் போட்டால் சூடாக இருப்பது, உடம்புக்குள் 37 பாகையில் ஓர் அடுப்பு எரிந்துகொண்டே இருப்பதால். ஜாக்கெட் அந்தச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். செடிக்குள் அந்த அடுப்பு இல்லை. எத்தனை சுற்றுச் சுற்றினாலும் சனவரி நடுராத்திரியில் இலையின் குளிர் வெளிக்காற்றின் குளிர்தான். ஆனால் பகலில் கதை வேறு. வெயில் பட்டதும் தெளிவான பிளாஸ்டிக் ஒரு சின்னக் கண்ணாடி வீடாகிவிடுகிறது. வெளியே மைனஸ் 5 இருக்கும்போதே உள்ளே வசந்தகாலம் வந்துவிடும். இலை விழித்து நீரை வெளியே விடத் தொடங்கும். கீழே வேரைச் சுற்றியுள்ள மண் கல்லாக உறைந்திருப்பதால் போன நீருக்குப் பதில் நீர் வராது. பின்னேரம் ஐந்து மணிக்கு வெயில் போனதும் மறுபடி மைனஸ் 15. ஒரே நாளுக்குள் சித்திரையும் மார்கழியும் வந்து போனால் எந்தச் செடிதான் தாங்கும்?

குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் செய்கிற சாக்குக் கட்டுதல், மண் குவித்தல், சருகு போடுதல், வெள்ளை அடித்தல் எல்லாவற்றையும் இந்த ஒரு கண்ணால் பார்த்தால் புரிந்துவிடும். செடியைச் சூடாக வைக்க அவர்கள் முயலவில்லை. குளிரை ஏறி இறங்க விடாமல் ஒரே சீராக வைக்கத்தான் பாடுபடுகிறார்கள்.

குளிரைத் தாங்கும் வேலையை இந்த ஊர் மரம் தானே பார்த்துக்கொள்கிறது. ஆகஸ்ட் முடியும்போது நமக்கு இன்னும் வேர்த்துக்கொண்டிருக்கும், ஆனால் மரம் இரவு நீளுவதைக் கணக்கெடுத்துவிடும். புதுத் துளிர் விடுவதை நிறுத்தும், மொட்டுகளை இறுக மூடும். அப்புறம் ஒக்டோபரில் மெல்லிய உறைபனி இரண்டு மூன்று முறை வந்து போனதும் அடுத்த கட்டம்: மாச்சத்தைச் சர்க்கரையாக்கும், உயிரணுக்களின் சவ்வைக் குளிரில் விறைக்காதபடி மாற்றி அமைக்கும். இதெல்லாம் முடியக் கிழமைக்கணக்கில் ஆகும்.

குளிர் இறுகும்போது மரத்துக்குள் பனிக்கட்டி உண்டாகத்தான் செய்கிறது. ஆனால் அது உயிரணுவுக்குள் உண்டாகாமல், அணுக்களுக்கு இடையிலுள்ள வெளியில் உண்டாகிறது. அந்தப் பனி அணுவுக்குள் இருக்கும் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்க, உள்ளே மிஞ்சுவது பனங்கட்டிப் பாகு போலத் தடித்துவிடும். பாகு லேசில் உறையாது. உள்ளேயே பனி படிந்துவிட்டால் சவ்வு கிழிந்து அந்த அணு முடிந்தது. ஆக, குளிரைத் தாங்குவது என்பது பெரும்பாலும் வறட்சியைத் தாங்குவதுதான். ஓக், ஆப்பிள் போன்ற மரங்கள் இன்னொரு வித்தையும் வைத்திருக்கின்றன. தங்கள் மரக்கட்டைக்குள் இருக்கும் நீரைப் பூச்சியத்துக்கு மிகக் கீழேயும் உறையாமல் வைத்திருக்கின்றன. அந்த வித்தை கிட்டத்தட்ட மைனஸ் 40 வரைதான் பலிக்கும். அதற்கு மேல் குளிர்கிற வடகாட்டில் ஓக் மரம் இல்லாமல் போவதற்கும், பேர்ச், பொப்லர், வில்லோ போன்றவை மிஞ்சுவதற்கும் இது ஒரு முக்கிய காரணம். ஜப்பானிய ஆய்வாளர் அகிரா சகாய் 1960இல் வெளியிட்ட சோதனையில், பொப்லர், வில்லோ குச்சிகளை முதலில் மைனஸ் 30 வரை பழக்கி, பிறகு மைனஸ் 196 பாகைத் திரவ நைட்ரஜனுக்குள் போட்டு எடுத்தார். அவை பிழைத்தன.

அதே வில்லோ கோடையில் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே போனாலே செத்துவிடும். பலம் மரத்தில் நிரந்தரமாக இருப்பதில்லை, பருவத்தோடு வந்து போகிறது. அது வரக் கிழமைகள் ஆகும், போகச் சில நாள் போதும்.

2012 மார்ச் மாதம் இதைத் தெற்கு ஒன்ராறியோவுக்குப் பாடமாகவே எடுத்தது. மார்ச் நடுவில் வெப்பநிலை இருபதுகளுக்கு ஏறியது. நாங்கள் ரீசேட்டோடு பூங்காவில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். ஆப்பிள் மரங்களும் ஏமாந்து, வழக்கத்தைவிடச் சில கிழமைகள் முந்தியே மொட்டவிழ்த்தன. ஏப்ரலில் உறைபனி திரும்பி வந்தது. அந்த வருடம் மாகாணத்தின் ஆப்பிள் விளைச்சலில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. சனவரியில் மைனஸ் 25ஐச் சட்டை செய்யாத அதே மொட்டு, முழுதாகப் பூத்து நிற்கும்போது மைனஸ் 2இல் பத்துக்கு ஒன்று கருகும், மைனஸ் 4இல் பத்துக்கு ஒன்பது கருகும். பழத்தோட்டக்காரரிடம் எதற்குப் பயம் என்று கேட்டால், சனவரிக் குளிரைவிட மார்ச் வெயிலைத்தான் முதலில் சொல்வார்.

இதனால் தோட்டத்தில் முதல் பாதுகாப்பு, செய்யாமல் இருக்க வேண்டியவற்றில் தொடங்குகிறது. ஆகஸ்டுக்குப் பிறகு தழைச்சத்துப் பசளை போடக் கூடாது. செப்டெம்பரில் கத்தரிக்கோலை எடுத்து அழகு பார்க்கவும் கூடாது. இரண்டுமே தூங்கப் போகிற மரத்தைத் தட்டி எழுப்பிப் புதுத் துளிர் விடச் சொல்கிற வேலை. அந்த இளந்துளிர்தான் முதலில் கருகும்.

இந்த இடத்தில் ஒன்று. வானிலை அறிவிப்பில் "மைனஸ் 14, காற்றோடு சேர்த்து மைனஸ் 27" என்று சொல்வார்களே, அந்த இரண்டாவது எண் செடிக்குச் சொல்லப்பட்டதல்ல. அது சூடான தோல் எவ்வளவு வேகமாகச் சூட்டை இழக்கிறது என்பதற்கான கணக்கு. மரத்துக்கு மைனஸ் 14 என்றால் மைனஸ் 14தான். ஆனாலும் காற்று மரத்துக்கு வேறு வழியில் எதிரி, அது உலர்த்துகிறது.

உலர்வதால் அதிகம் அடிபடுவது குளிர்காலத்திலும் இலையோடு நிற்கிற செடிகள்: வீட்டுக்கு வீடு வேலியாக நிற்கும் சீடர், பொக்ஸ்வூட், ரோடோடென்ட்ரன். மேப்பிள் இலையைக் கொட்டிவிட்டுக் கவலையில்லாமல் நிற்கும். சீடர் மார்கழி வெயிலிலும் கொஞ்சம் நீரை விட்டுக்கொண்டேதான் இருக்கும், மண் உறைந்துவிட்டால் திரும்ப உறிஞ்ச வழி இல்லை. ரோடோடென்ட்ரன் இலையைக் கவனித்தால் வெப்பமானியே வேண்டாம். பூச்சியத்தை ஒட்டி இலை தொங்கத் தொடங்கும், இன்னும் இறங்க இறங்கச் சுருண்டு, கடுங்குளிரில் யாழ்ப்பாணத்துச் சுருட்டு மாதிரி இறுகிக்கொள்ளும். அது வாடலில்லை, வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. குளிர் விட்டதும் மறுபடி விரியும்.

சணல் சாக்கு இதற்காகத்தான். இங்கே கடைகளில் பேர்லாப் என்று சுருளாக விற்கிறார்கள். சாக்கை இலைமேல் நேரே சுற்றுவது பாதிப் பிழை. ஈரமாகி உறைந்து இலையோடு ஒட்டிக்கொள்ளும். காற்று வரும் பக்கமும் வெயில் படும் பக்கமும் மூன்று நான்கு தடிகளை நட்டு, அதில் சாக்கைத் திரைபோலக் கட்டிவிட்டு, மேலே திறந்து விட்டால் போதும். தடியை மண் உறைவதற்கு முன்பே நட்டுவிட வேண்டும். டிசம்பரில் சுத்தியலோடு போனால் தடிதான் உடையும், எனக்கு இரண்டு உடைந்தது.

அதைவிட மலிவான பாதுகாப்பு நீர். இலையுதிர்காலம் முழுக்க வாரம் ஒருமுறை ஆழமாக நீர் விட்டால் செடி நிறைந்த வயிற்றோடு குளிருக்குள் போகும். ஆனால் இந்த ஊரில் நாங்கள் எல்லோரும் என்ன செய்கிறோம்? குழாய் உறைந்து வெடித்துவிடும் என்று பயந்து, ஒக்டோபரில் முதல் குளிர் அடித்த அன்றே பேஸ்மென்டுக்குள் போய் வெளிக்குழாயின் வால்வைப் பூட்டிவிட்டுக் குழாய்ச் சுருளைக் கராஜில் மாட்டிவிடுகிறோம். மண் உறைய இன்னும் ஒரு மாதம் இருக்கும். ஏப்ரலில் சீடர் சிவந்துபோய் நிற்கும்போது "இந்த முறை சரியான குளிர்" என்று சொல்லிக்கொள்கிறோம். புதிதாக நட்ட சீடருக்கு நவம்பர் நடுவரை வாளியில் தூக்கியாவது ஊற்றலாம்.

வேரின் கதை இன்னொரு மாதிரி. கிளை மைனஸ் 30ஐத் தாங்குகிற மரத்துக்கும் வேர் அந்த அளவு தாங்காது, பல மரங்களில் மைனஸ் 5க்கும் மைனஸ் 15க்கும் இடையிலேயே வேர் செத்துவிடும். மண் அவ்வளவு குளிராததால்தான் அது பிழைத்துக் கிடக்கிறது. புதிதாகப் பெய்த ஸ்னோவில் பத்தில் ஒன்பது பங்கு காற்று, அதைவிட நல்ல கம்பளி கடையில் இல்லை. ஒரு முழ உயரத்துக்கு ஸ்னோ மூடிக் கிடந்தால், மேலே மைனஸ் 20 அடிக்கும்போதும் கீழே மண் பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். ஸ்னோ இல்லாத வறண்ட குளிர்தான் ஆபத்து. பூச்சாடியில் வைத்த செடிக்கு அதுவும் இல்லை, நாலு பக்கமும் காற்று. அதனால்தான் நிலத்தில் நன்றாக வாழும் அதே செடி சாடியில் செத்துப்போகிறது. சாடியை மண்ணில் புதைப்பது, முடியாவிட்டால் சூடாக்காத கராஜுக்குள் தள்ளிவைப்பது, இரண்டுதான் வழி.

வேரின்மேல் போடும் சருகு, மரச்சிராய் மூடாக்கும் அதே கணக்கு. பலர் அதை ஒக்டோபரிலேயே போட்டுவிடுகிறார்கள். மண் ஒருமுறை உறைந்த பிறகு போட்டால்தான் முழுப் பலன். மண் பகலில் இளகி இரவில் உறைந்துகொண்டிருந்தால், உள்ளே படலம் படலமாகப் பனி வளர்ந்து, ஆழ வேர் விடாத செடிகளைப் பல்லைப் பிடுங்குவது மாதிரி மேலே தள்ளிவிடும். மார்ச்சில் ஸ்ட்ராபெரிச் செடி வேர் தெரிய மண்ணுக்கு மேல் படுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூடாக்கு உறைந்த மண்ணை உறைந்தபடியே வைக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை, அதை மரத்தின் அடியில் புற்று மாதிரிக் குவிக்கக் கூடாது. ஏனென்றால் எலி.

புல்வெளிச் சுண்டெலிக்கு ஸ்னோ ஒரு கூரை. அடியில் சுரங்கம் போட்டு, பருந்தும் பூனையும் காணாமல், இளம் ஆப்பிள் மரத்தின் பட்டையைச் சுற்றிவரத் தின்றுவிடும். ஸ்னோ கரைந்த பிறகுதான் நமக்குத் தெரியும்: தரையோடு நாலு விரல் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு வளையம், அதில் சின்னச் சின்னப் பல் தடம். முழு வளையமாக இருந்தால் மரம் முடிந்தது, இலையிலிருந்து வேருக்குச் சாப்பாடு போகும் பாதை பட்டையில்தான் இருக்கிறது. கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை மரத்தைத் தொடாமல் உருளையாகச் சுற்றி, இரண்டு விரல் ஆழம் மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும். உயரம் தரையிலிருந்து கணக்கில்லை, ஸ்னோ எவ்வளவு உயரும் என்பதிலிருந்து. முயல் அந்த ஸ்னோவின் மேல் நின்றுதான் கடிக்கும்.

பட்டைக்கு இன்னொரு எதிரி, மறுபடியும் வெயில். பிப்ரவரியில் பின்னேர வெயில் சாய்வாக வந்து தண்டின் தென்மேற்குப் பக்கத்தில் அடிக்கும், கீழே கிடக்கும் ஸ்னோவும் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி விடும். மெல்லிய பட்டையுள்ள இளம் மேப்பிள், செரி, ஆப்பிளில் பட்டைக்கு அடியிலுள்ள உயிர்ப்படலம் சூடாகி விழித்துக்கொள்ளும். சூரியன் மறைந்ததும் விழித்த பக்கம் மட்டும் உறைந்து சாகும். இரண்டு வருடம் கழித்துப் பட்டை நீளமாக உரிந்து விழும்போது யாரும் அந்தப் பிப்ரவரிப் பின்னேரத்தை நினைப்பதில்லை. பழத்தோட்டங்களில் தண்டுக்கு வெள்ளை அடிப்பதன் காரணம் இதுதான். வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளை லேடெக்ஸ் பெயின்டில் அதேயளவு தண்ணீர் கலந்தால் போதும். கறுப்பு நிறத்தில் எதையும் சுற்றாதீர்கள்.

ஸ்னோவின் பாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஈர ஸ்னோ விழுந்தால் துடைப்பத்தால் கீழிருந்து மேலாகத் தட்டுங்கள், மேலிருந்து அடித்தால் ஏற்கெனவே வளைந்த கிளை முறியும். உறைமழை வந்து கிளையில் கண்ணாடி போலப் பனிக்கட்டி படிந்துவிட்டால் கையே வைக்க வேண்டாம். 2013 டிசம்பரில், நத்தாருக்கு முந்திய வார இறுதியில், ரொறன்ரோவில் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகளை இருட்டாக்கிய பனிப்புயலில் தெருத் தெருவாகக் கிளைகள் முறிந்து கிடந்தன. தானாக உருகும் வரை காத்திருந்ததைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஜப்பானில் கனசவா நகரத்துக் கென்ரோகுஎன் தோட்டத்தில் ஸ்னோவின் பாரத்திலிருந்து கிளையைக் காப்பதை ஒரு கலையாகவே ஆக்கியிருக்கிறார்கள். வருடாவருடம் நவம்பர் 1 அன்று தொடங்கி, பைன் மரத்தின் நடுவில் நட்ட உயர்ந்த கம்பத்தின் உச்சியிலிருந்து கிளைக்குக் கிளை கயிறு இறக்கிக் கட்டுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மரத்துக்குமேல் ஒரு கூடாரம் நிற்பது போல இருக்கும்.

தெருவோரச் செடிக்கு உப்பும் ஒரு தொல்லை. வண்டிகள் வாரி இறைக்கும் உப்புநீர் சீடரின் ரோட்டுப் பக்கத்தை மட்டும் கருக்கும். சாக்குத்திரை அதற்கும் உதவும், ஏப்ரலில் மண்ணை நன்றாக நீர் விட்டுக் கழுவுவதும் உதவும்.

இவ்வளவும் செய்வதைவிட, தாங்குகிற இனத்தை நடுவது சுகம். 1933–34 குளிர்காலம் வட அமெரிக்காவின் வடகிழக்கில் ஆப்பிள் மரங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அதுவரை நியூ இங்கிலாந்தில் முதலிடத்தில் இருந்த பால்ட்வின் ஆப்பிள் அதோடு சரிந்தது, அதன் இடத்துக்கு மக்கின்ரொஷ் வந்தது. அது ஒன்ராறியோவில் டன்டேலா என்ற சிற்றூரில் 1811இல் ஜோன் மக்கின்ரொஷ் காடு வெட்டும்போது கண்டெடுத்த நாற்றின் வழி வந்தது. ரோஜாவிலும் அப்படித்தான். வேறொரு ரோஜாவின் வேரில் ஒட்டுக்கட்டிய ரோஜாவுக்கு நவம்பரில் ஒட்டு மறைய ஓர் அடி உயரம் மண் குவிக்க வேண்டும். ஒட்டாவாவின் மத்தியப் பரிசோதனைப் பண்ணையில் பெலிசிடாஸ் ஸ்வெய்டா 1960களில் தொடங்கி உருவாக்கிய எக்ஸ்புளோரர் வரிசை ரோஜாக்கள் சொந்த வேரில் நிற்பவை. மேலே கருகினாலும் அடியிலிருந்து அதே பூவோடு எழும்பும். வாங்கும்போது, செடி எவ்வளவு குளிரான ஊர்வரை தாங்கும் என்று காட்டும் மண்டல எண்ணை லேபிளில் பாருங்கள், ஆனால் எந்த நாட்டு எண் என்றும் பாருங்கள். அமெரிக்க வேளாண் துறை வரைபடம் வருடத்தின் மிகக் குளிர்ந்த இரவின் சராசரியை மட்டுமே எடுக்கிறது. கனடா வரைபடம் ஸ்னோவின் ஆழம், சனவரி மழை, காற்றின் வேகம் உட்பட ஏழு விடயங்களைச் சேர்த்துக் கணக்குப் போடுகிறது. ஒரே ஊருக்கு இரண்டிலும் இரண்டு எண் வரலாம்.

நம்மவர்கள் வீட்டில் இந்த அறிவுரை எல்லாம் கறிவேப்பிலையிடம் தோற்றுப்போகும். அதற்குக் குளிருக்குப் பழகும் வித்தையே தெரியாது. இரவு 10 பாகைக்கு இறங்கத் தொடங்கும் செப்டெம்பரிலேயே சாடியோடு உள்ளே வந்துவிட வேண்டும். உள்ளே வந்ததும் இலை கொட்டும், வீட்டில் அழுகை. செத்துவிட்டது என்று பயந்து நீரை ஊற்றி ஊற்றி வேரை அழுகவைத்துக் கொல்பவர்கள்தான் அதிகம். நகத்தால் தண்டை மெல்லச் சுரண்டிப் பாருங்கள். அடியில் பச்சை தெரிந்தால் அது உயிரோடுதான் இருக்கிறது. மண்ணைக் காய விட்டு, தெற்கு யன்னலோரம் வைத்து, மே 24 வார இறுதி வரை பொறுத்திருங்கள். மார்ச்சில் கருகித் தெரிகிற வெளிச் செடிக்கும் இதே நகப் பரிசோதனைதான், யூன் பிறக்கும்வரை எதையும் அடியோடு வெட்ட வேண்டாம்.

பக்கத்து வீட்டு முதியவரிடம் ஓர் அத்திமரம் இருக்கிறது. ரொறன்ரோவின் இத்தாலியர்கள், போர்த்துக்கேயர்கள் பலரிடம் இருக்கிறது, இந்தக் குளிரில் வெளியே நின்றால் மேற்பாகம் முழுக்கச் செத்துவிடும். அதனால் வருடாவருடம் அவர் அதைப் புதைக்கிறார். நவம்பரில் இலை கொட்டியதும் கிளைகளைச் சேர்த்துப் பாய் சுருட்டுவது மாதிரிக் கயிறால் கட்டுவார். மரத்தின் ஒரு பக்கத்தில் ஆள் நீளத்துக்குக் கிடங்கு வெட்டுவார். எதிர்ப் பக்கத்து வேரை மட்டும் மண்வெட்டியால் அறுத்துவிட்டு, தோளைக் கொடுத்து மரத்தை மெல்ல மெல்லச் சாய்த்துக் கிடங்குக்குள் படுக்க வைப்பார். மேலே பலகை, சருகு, ஒரு முழம் மண், ஒரு தார்ப்பாய். அறுபடாத பாதி வேர் மண்ணிலேயே இருக்கும். கீழே சூடு ஒன்றுமில்லை, வெளிச்சமும் இல்லை. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஒரே குளிர், ஒரே இருட்டு.

போன ஏப்ரலில் நல்ல வெயில் நாள் ஒன்றில், இன்றைக்குத் தூக்குவோமா, நான் பிடித்துத் தருகிறேன் என்று கேட்டேன். வானத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஐந்து நாள் கழித்து, தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு மங்கலான காலையில் அவரே வந்து மணி அடித்தார். மண்வெட்டியையும் எனக்கு ஒரு சோடிக் கையுறையையும் கொண்டு வந்திருந்தார்.